கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

உ

பெய்ஜிங்
11.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சத்யா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், குளிர்தான் ஆளைத் தின்கிறது. நீ, மதினி, அப்பா எல்லாரும் சுகம்தானே? அப்பாவுக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா?

ஃபோனில் பேசினால் அப்பாவுக்குக் காது கேட்காது. இங்கே வாட்ஸ்அப்பும் கிடையாது. ஆகவே நமக்குக் காகிதமே கதி. அவசரம் என்றால் மட்டும் நீ ஃபோன் போடு. ஃபோன் வராதவரை அங்கே எல்லாரும் நலம் என்று நான் நிம்மதியாக இருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பதோடு புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. இந்த ஊரில் ஒரு தேசிய நாடகக் குழு இருக்கிறது. தங்களுடைய வரலாற்றையே ஒரு நாடகமாக்கிச் செப்டம்பரில் போடப்போகிறார்கள். பார்க்க வருகிறவர்களில் தமிழ்நாட்டு நாடகக் குழு ஒன்றும் உண்டு. அவர்கள் காதில் ஒரு கருவி மாட்டியிருப்பார்கள். நான் அரங்கின் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, மேடையில் பேசப் பேசத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு மாற்று ஆள் கிடையாது. ஜுரம் வந்தாலும் நான்தான் பேச வேண்டும்.

அப்பாவுக்கு இதைப் படிக்கக் கொடு. போர்க்காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், சில இளைஞர்கள் தொடங்கிய குழு இது. மெத்தை உறைகளைப் பிரித்துத் தைத்துத் திரை கட்டினார்களாம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நாடகம். அப்பா ஏதாவது சொன்னால் சொன்னபடியே எழுது. நீ உன் இஷ்டத்துக்குத் திருத்தாதே.

மதினியை விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தங்கை,
சத்யபிரியா

•

உ

தென்காசி
8.3.2024

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

அண்ணன் நாறும்பூநாதன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். உன் மதினி உனக்கு முறுக்கு அனுப்ப வேண்டும் என்று துடிக்கிறாள். சீனாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மாவாகிவிடும் என்றேன், முறைக்கிறாள்.

'பிச்சைமணி சவுண்ட் சர்வீஸ்' என் கையில் நொண்டிக்கொண்டு ஓடுகிறது. அப்பா கடையில் வந்து உட்கார்ந்து, நான் சுற்றிவைத்த வயரையெல்லாம் இடது கையால் பிரித்து, திரும்பச் சுற்றச் சொல்லுகிறார். காது போனதே அந்த ஸ்பீக்கர் பெட்டிகளால்தான். ஆனாலும் அவற்றின் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மெத்த உறைல திரை கட்டுனாங்க, சரி. வெளக்க யாரு புடிச்சா? அத எழுதலியே ஒன் தங்கச்சி. வெளக்குப் புடிச்சவன் பேரையும் மைக்கு செட்டுக்காரன் பேரையும் ஒரு பய எழுத மாட்டான்."

மொழிபெயர்ப்பு வேலை எப்படி என்று கேட்டதற்கு, "பரவால்ல" என்றார். அப்பா வாயில் பரவால்ல வந்ததே பெரிது. மாலை வாங்கிப் போட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
நாறும்பூநாதன்

•

உ

பெய்ஜிங்
30.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பனி உருகிவிட்டது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் எழுது.

விளக்குப் பிடித்தவர் பெயரைத் தேடினேன். எங்கேயும் இல்லை. அப்பா சொன்னது சரி.

பிந்திய கதையையும் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து குழு தலைநகருக்கு வந்தது, பெரிய அரங்கு கட்டினார்கள். பிறகு ஒரு கெட்ட காலம். நாடகமே கூடாது என்று அரங்கைப் பூட்டி, நடிகர்களைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். ராஜா வேஷம் கட்டியவர் பன்றி வளர்த்தார். வருடக்கணக்காக அப்படி. திரும்பி வந்து முதல் நாடகம் போட்டபோது டிக்கெட்டுக்கு ஜனங்கள் விடிய விடிய நின்றார்களாம். அப்புறம் வீட்டுக்கு வீடு டி.வி. வந்து நாற்காலிகள் காலியாகி, இன்னொரு குழுவோடு இதை இணைத்து, பழைய அரங்கையும் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது புதுக் கட்டடம்.

இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது அண்ணா. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நடிகருக்குச் சாவுச் செய்தி வந்தால், திரை விழும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கோமாளி நடிகருக்கு அவர் அம்மா இறந்த தந்தி வந்திருக்கிறது. மேடை மேலாளர் அதைத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் ஜனங்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாராம். வானத்தைவிட நாடகம் பெரிது என்பார்கள் இங்கே. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அப்பாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
சத்யா

•

உ

தென்காசி
24.4.2024

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் சௌக்கியம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோயில் கொடைச் சீசன் என்பதால் கடைக்கு வேலை இருக்கிறது.

அப்பா சொன்னவை வரிசையாக:

"பன்னி வளக்கப் போனவன் வசனத்த மறந்திருக்க மாட்டான். பன்னிகிட்டயாவது சொல்லிப் பாத்திருப்பான்."

"மைக்கு இல்லாத காலத்துல கடைசி வரிசைக்கு எப்படிலே கேட்டுச்சு? அதக் கேட்டு எழுதச் சொல்லு."

தந்திக் கதைக்கு உன்னைப் போல அவருக்கு மெய்யொன்றும் சிலிர்க்கவில்லை. அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தார். பிறகு, "நடிச்சவன விடு. தந்திய ஒளிச்சு வச்சாம்லா ஒருத்தன், அவன் பொறவு என்ன ஆனான்னு கேளு" என்றார்.

சாரல் எப்போது விழும் என்று தினமும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார். குற்றாலத்தில் குளித்து இரண்டு வருஷம் ஆகிறதாம். நான் பிடி கொடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
நாறும்பூநாதன்

•

உ

பெய்ஜிங்
20.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். ஒத்திகை ஆரம்பித்துவிட்டதால் தொண்டைக்கு மிளகுப்பால்.

முதலில் முக்கியமானது. அப்பாவை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி என்ன பாடு பட்டார் என்று மறந்துவிடாதே. தலையில் தண்ணீரே படக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே. அப்பா கெஞ்சினால் நீ இளகிவிடுவாய், எனக்குத் தெரியும். இளகாதே.

இனி அப்பாவுக்குப் பதில். ஒத்திகையின்போது கடைசி வரிசையில் ஒரு ஆளை உட்காரவைப்பார்களாம். கையில் வெள்ளைக் கைக்குட்டை. வசனம் கேட்கிறவரை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இறக்கிவிடுவார், மேடையில் இருக்கிறவர் குரலை ஏற்றுவார். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. எங்கள் நாடகத்திலேயே இது ஒரு காட்சி.

பன்றியிடம் வசனம் சொன்னது உண்மையாம்! ஒரு பழைய நடிகரே சொன்னார். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். தந்தியை ஒளித்தவர் கதையை விசாரிக்கிறேன்.

அன்புடன்,
சத்யா

•

(இது அனுப்பாத கடிதம்)

தென்காசி
29.6.2024

சத்யா,

மேலே சுழி போடப் பேனா போனது. நிறுத்திவிட்டேன். சாவுச் செய்தி எழுதுகிற காகிதத்துக்குப் பிள்ளையார் சுழி கிடையாது. அம்மா போனபோது அப்பாதான் இதைச் சொல்லித்தந்தார்.

அப்பா போய்விட்டார். நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம்.

உன் கடிதம் வந்த மறுவாரம் சாரல் விழுந்தது. அப்பா காலையிலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நீ எழுதியதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் இருமல். அப்புறம் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நெஞ்சு முழுக்கச் சளி என்றார்கள். "சத்யா எப்ப வாரா?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். உனக்கு ஃபோன் போடவே இல்லை.

ஏன் போடவில்லை? உன் நாடகம் கெடக் கூடாது என்று, அந்த மேடை மேலாளர் மாதிரி, என்று எழுதினால் நான் நல்லவனாகிவிடுவேன். அது பொய் தாயி. எங்கே குளித்தார் என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். தேறிவிடுவார், தேறின பிறகு திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன்.

உன் மதினி "இன்னைக்காவது சொல்லிருங்க" என்று அழுகிறாள். இதை எப்படி உறையில் போடுவேன்?

•

தென்காசி
5.7.2024

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் சுகத்துக்கு எழுது.

கடையில் வேலை அதிகமானதால் பதில் தாமதம், கோபிக்காதே. சாரல் நன்றாக இருக்கிறது.

கைக்குட்டைச் சங்கதியை அப்பா ரசித்தார். புதுக் கட்டடத்தில் மைக் உண்டா என்று கேட்கச் சொன்னார்.

நீ நாடகத்தைக் கவனி. எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அண்ணன்,
நாறும்பூநாதன்

•

பெய்ஜிங்
29.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மதினியும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மைக் உண்டு. ஆனாலும் கைக்குட்டையை விடவில்லை என்று அப்பாவிடம் சொல்.

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்தது. தந்தியை ஒளித்துவைத்த மேலாளர் அதற்குப் பிறகு மேலாளர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கடைசி வரிசையில் கைக்குட்டை பிடிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாகும்வரை அதுதான் அவர் வேலை. கோமாளி நடிகர் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை என்கிறார்கள். எனக்கென்னவோ, அந்த நடிகர் திட்டியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அல்லது அவருக்கும் திட்ட முடியாதபடி ஏதோ ஒன்று உள்ளே இருந்திருக்க வேண்டும்.

இதையும் அப்பாவிடம் சொல். அவர் என்ன சொல்லுகிறார் என்று எழுது. கட்டாயம் எழுது.

அன்புடன்,
சத்யா

•

தென்காசி
22.8.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் சுகம். உனக்கு நாள் நெருங்கிவிட்டது. உன் மதினி உன் பெயருக்கு அர்ச்சனை செய்ய ஆள் மூலம் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அந்த மேலாளர் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

அப்பா சொன்னது: "சத்யா நல்லா செய்வா. அவள நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. தைரியமாப் பேசச் சொல்லு."

தொண்டையைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
நாறும்பூநாதன்

•

பெய்ஜிங்
25.9.2024

அண்ணா,

நாடகம் முடிந்துவிட்டது. திரை விழுந்துவிட்டது. இனி நீ என்னிடம் சொல்லலாம்.

உன் ஜூலை மாதக் கடிதத்தைப் பிரித்தபோது மேலே சுழி இல்லை. மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போடுகிறவன் நீ. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் கீழே படித்தேன், 'அனைவரும் நலம்'. அதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

நீ என்னை ஏமாற்றினாய் என்று நினைத்து எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாயோ. என் கடிதத்தை எடுத்துப் பார். ஜூலையில் நான் எழுதியதற்கும் சுழி கிடையாது. நீ கவனிக்கவில்லை.

ஃபோன் என் கையில்தான் இருந்தது. உன் நம்பர் மனப்பாடம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ உடைந்திருப்பாய், நான் ஓடிவந்திருக்க வேண்டும். இந்த நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்திருப்பார், அல்லது யாருமே இருந்திருக்க மாட்டார்கள். கேட்காதவரை தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொந்த அப்பாவின் சாவைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு மகள் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பண்ணியிருக்கிறாள் பார். எனக்கு வர வேண்டிய தந்தியை நீ ஒளித்தாய் என்றால், அதை எடுத்துக் கொடுத்து 'உள்ளேயே வை' என்றவள் நான்.

இன்னும் கேவலம் ஒன்று. 'அப்பா என்ன சொல்லுகிறார், கட்டாயம் எழுது' என்று தெரிந்தே எழுதினேன். உன் பொய்யிலாவது இன்னொரு மாதம் அவர் பேசட்டும் என்று ஆசை. ஆனால் நீ 'பெருமையா இருக்கு' என்று எழுதிவிட்டாய். அப்பா என்றைக்கு அப்படிச் சொன்னார்? 'பரவால்ல' என்று எழுதியிருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் நம்பியிருப்பேனே அண்ணா. அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் அறைக்குள் போனேன். அவர் சொல்லவில்லை என்று தெரிந்தும் வைத்துக்கொண்டேன்.

கைக்குட்டைக் காட்சியில் நடிகர் என் கண்ணாடிக்கு நேர் முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கிக்கொண்டு, "கேட்கிறது, இன்னும் கேட்கிறது" என்று சீனத்தில் சொல்லுகிறார். நான் தமிழில் சொல்ல வேண்டும். குரல் வரவில்லை. தமிழ்க் குழுவில் எல்லாரும் காதைத் தொட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். எப்படியோ சொல்லிவிட்டேன்.

லீவு சொல்லியிருக்கிறேன், கிடைத்ததும் வருவேன். இப்போதும் ஃபோன் போட எனக்குத் தைரியமில்லை. எழுதிவிடு. எப்படி நடந்தது? அருவிக்குப் போனாரா?

சத்யா

•

தென்காசி
20.10.2024

தங்கைக்கு,

உன் மதினியும் நானும் உயிரோடு இருக்கிறோம். அதைத்தான் நலம் என்று எழுத வேண்டும்.

ஜூனில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்டதற்கு அதில் பதில் இருக்கிறது. போனார். நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்த பிறகு நான்தான் கூட்டிப்போனேன். திட்டு. அந்தக் கோமாளி நடிகர் மாதிரி இருந்துவிடாதே, எனக்கு அது தாங்காது.

உன்னிடம் பொய் எழுத முடிந்தது. பிள்ளையாரிடம் முடியவில்லை. சுழி போடாததற்கு அதுதான் காரணம். அதை வைத்தே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு மடையன். உன் கடிதத்தில் சுழி இல்லாததைப் பார்க்கவும் எனக்குக் கண் இல்லை. என் திருட்டைப் பற்றிய நினைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்தக் கடிதத்தில் எழுதாத ஒன்று உண்டு. அன்றைக்கு அதை எழுதினால், நான் செய்ததற்குச் சமாதானம் சொல்லுகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். சாவை ஒளித்ததில் இதையும் சேர்த்து ஒளித்துவிட்டேன் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. இது உனக்குச் சேர வேண்டியது.

புலியருவிக்குத்தான் கொண்டுபோய் விட்டேன், அங்கே தண்ணீர் மெதுவாக விழும் என்று. அப்பா இறங்க மாட்டேன் என்றார். "இது பச்சப்புள்ளைக குளிக்குத எடம்லா. வண்டிய ஐந்தருவிக்கு விடுலே." விட்டேன். கூட்டம் இல்லை. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார், நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் உடம்பு குலுங்கியது. பயந்துபோய் வெளியே இழுத்தேன், வரவில்லை. முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். அருவி இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

"ஏலே, கேக்குதுலே!"

காதில் கேட்டதா, தலையில் விழுந்த அடியில் தெரிந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பவும் அதையே சொன்னார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, கழுத்தில் சுற்றியிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பெரியவர் யாரையோ கூப்பிடுகிறார் என்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும்தான் அது உன் கடிதம் என்று தெரியும்.

வெகுநேரம் இறக்கவே இல்லை சத்யா. கை வலிக்குமே என்று நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

அண்ணன்,
நாறும்பூநாதன்